வாசல்ல தண்ணி நின்னா யார்கிட்ட போறது? இங்கிலாந்து கிராமத்துல ஒரு வாய்க்கால் அடைப்பை எடுக்க வச்ச அனுபவம்

முதல்ல முடிவைச் சொல்லிடுறேன். எங்க வீட்டை ஒட்டி ஓடுற வாய்க்கால் அடைப்பு எடுத்தாச்சு, புது பைப்பும் போட்டாச்சு. ஆனா அதுக்குள்ள ஒரு குளிர்காலம் முழுசா போய், வசந்தமும் போச்சு. அதுல பாதி நேரம் ஒவ்வொரு ஆபீஸா "இது எங்க வேலை இல்ல"ன்னு கையை விரிச்சதுலயே போச்சு, அந்தக் கோவம் எனக்கு இன்னும் அடங்கல. லண்டன் வாடகை கட்டுப்படியாகாம கிராமத்துப் பக்கம் வீடு பாக்குறவங்க நம்மள்ல இப்ப நிறைய பேர் இருக்கீங்க, அதனால தான் உக்காந்து எழுதுறேன்.

நாங்க இருக்கறது ஈஸ்ட் ஆங்கிலியா பக்கம். நாட்டுலயே மழை கம்மியான பகுதி, வருஷத்துக்கு சுமார் 600 மில்லிமீட்டர் தான் பெய்யும், அதனால "அங்க எப்படி வெள்ளம்?"னு தான் எல்லாரும் கேக்குறாங்க. பிரச்சனை மழையில இல்ல, மண்ணுல. பனியுகத்துல, ஏறக்குறைய 4,50,000 வருஷத்துக்கு முன்னாடி, பனிப்பாறை இழுத்துட்டு வந்து போட்டுட்டுப் போன களிமண்ணு இது, கொஞ்சம் நனைஞ்சதுக்கு அப்புறம் தண்ணி உள்ள இறங்கவே இறங்காது. மேடு பள்ளமும் பெருசா இல்ல. அதனால தான் ஒவ்வொரு வயலைச் சுத்தியும் வாய்க்கால் வெட்டி வச்சிருக்காங்க, ஒண்ணு இன்னொண்ணுல சேர்ந்து கடைசியா ஒரு சின்ன ஆத்துல போய் விழும். நடுவுல ஒரு இடத்துல அடைச்சா மேல இருக்கற அத்தனை பேர் வீட்டு வாசலும் குளம் தான். 2023 அக்டோபர்ல பாபெட் புயல் வந்தப்ப இந்தப் பக்கம் எத்தனை வீட்டுக்குள்ள தண்ணி போச்சுன்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும்.

எங்க வாய்க்கால் தோட்டத்தை ஒட்டி வந்து, கொஞ்ச தூரம் தள்ளி ஒரு வயல் கேட்டுக்கு அடியில பைப் வழியா போகுது. பெரிய டிராக்டர் போறதுக்காக அந்த கேட்டை எப்பவோ அகலப்படுத்தியிருக்காங்க, பைப் மட்டும் சின்னது, அதுவும் நசுங்கிப் போச்சு. எங்க பக்கத்தை வருஷா வருஷம் நாங்களே சுத்தம் பண்றோம், அது பிரயோஜனம் இல்ல, கீழ அடைச்சிருந்தா என்ன பண்ண முடியும். மழை பெஞ்சா தண்ணி திரும்பி ரோட்டுக்கு ஏறும், ராத்திரி அது உறைஞ்சு ஐஸாகும், காலைல ஸ்கூல் பஸ் அதுமேல தான் வரணும்.

இதோட செப்டிக் டேங்க் வேற. கிராமத்துல பாதாளச் சாக்கடை இல்லாத வீடுங்க நிறைய, எங்களுதும் அப்படித்தான். டேங்க்ல இருந்து வர்ற தண்ணி தோட்டத்து மண்ணுக்குள்ள இறங்கணும், அந்த மண்ணே ஊறிப்போய் நின்னா எங்க இறங்கும். ஃப்ளஷ் பண்ணா தண்ணி போகாது, கொப்புளிச்சுக்கிட்டு மேல வரும். மாமியார் ஊர்ல இருந்து வந்திருந்த நேரம், வயசானவங்களுக்கு ராத்திரி பாத்ரூம் போறதுக்குக் கூட யோசிக்க வேண்டிய நிலைமை. இதை நான் போன்ல சொல்லும்போது ஒருத்தர் "உங்க செப்டிக் டேங்க்ல தான் கோளாறு இருக்கும்"னு சொன்னாரு. பாத்துட்டு சொல்லியிருந்தா பரவாயில்ல, பாக்காமலே சொன்னாரு.

முதல்ல எல்லாரும் பண்றதைத் தான் பண்ணோம், கவுண்டி கவுன்சிலோட (பெரிய பகுதி முழுக்க ரோடு மாதிரி விஷயத்தைப் பாக்குற மேல் மட்ட கவுன்சில்) வெப்சைட்ல ரோட்டுல தண்ணி நிக்குதுன்னு ரிப்போர்ட் போட்டோம். மேப்ல பின் வைக்கச் சொல்லும். இங்க ஒண்ணு கவனிங்க. பின்னை ரோட்டுமேல வச்சா அது ஹைவேஸ் டீமுக்குப் போகும், அவங்க வந்து ரோட்டோர கல்லியை (மழைத்தண்ணி இறங்க கம்பி மூடி போட்ட குழி) மட்டும் பாத்துட்டு "இது எங்க சொத்து இல்ல"ன்னு மூடிடுவாங்க. எங்களுக்கு அப்படித்தான் மூடினாங்க, யார் சொத்துன்னு ஒரு வரி கூட இல்லாம. திரும்ப போன் பண்ணா, வாய்க்காலை ஒட்டி இருக்கறவங்க தான் அதுக்குப் பொறுப்பு, அதனால நீங்க தான் ஓனர்னு ஒரு பதில். பொதுவா அந்த விதி சரி தான், வாய்க்காலை ஒட்டி நிலம் இருந்தா தண்ணி தடையில்லாம போக விடறது நம்ம கடமை. ஆனா அடைப்பு இருக்கறது என் நிலத்தை ஒட்டி இல்ல, கீழ இன்னொருத்தர் கேட்டுக்கு அடியில. இதை எத்தனை தடவை சொன்னாலும் அந்தப் பக்கம் ஸ்கிரிப்டை வாசிக்கிறாங்க.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, யாரும் சொல்ல மாட்டாங்க. வயலுக்கும் நமக்கும் நடுவுல செடி வேலியும் வெட்டின வாய்க்காலும் சேர்ந்து இருந்தா, பத்திரத்துல வேற மாதிரி சொல்லாத வரைக்கும், வேலி எந்தப் பக்கம் இருக்கோ வாய்க்காலும் அந்தப் பக்கத்துக்காரருதுன்னு எடுத்துக்கறது இங்க பழைய வழக்கம். அந்தக் காலத்துல தன் நிலத்தோட ஓரத்துல பள்ளம் வெட்டி, அந்த மண்ணைத் தன் பக்கமே போட்டு அதுமேல வேலி நட்டாங்கங்கற கணக்கு. எங்க இடத்துல வேலி வயல் பக்கம் இருக்கு. "நீங்க தான் ஓனர்"னு போன்ல யாராவது சொன்னா உடனே தலையாட்டிடாதீங்க, முதல்ல பத்திரத்தையும் வேலியையும் பாருங்க.

அடுத்து டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், அதாவது கவுண்டிக்குக் கீழ இருக்கற மட்டம். கிராமத்துக்கு பஸ் எத்தனை வரும்னு உங்களுக்கே தெரியும், லீவ் போட்டு போனேன். கவுண்டர்ல இருந்தவர் என் போஸ்ட்கோடை அடிச்சுப் பாத்துட்டு, "உங்க அட்ரஸ்ல இருக்கற டவுன் பக்கத்து டிஸ்ட்ரிக்ட், அங்க போங்க"ன்னாரு. கைல கவுன்சில் டேக்ஸ் பில் இருக்கு, அவங்களே அனுப்பினது, அதுல எங்க பாரிஷ் (கிராம அளவுல இருக்கற கடைசி மட்டம்) பேரு அச்சடிச்சிருக்கு, காட்டினேன். அதையும் சரியா பாக்கல. கடைசில எங்க டிஸ்ட்ரிக்ட் தான்னு ஒத்துக்கிட்டு, ஆனா வாய்க்கால் எங்களுக்கு வராது, குப்பை, பிளானிங் மாதிரி விஷயம் தான் எங்களுதுன்னு அனுப்பிட்டாரு. அதை முதல் நிமிஷமே சொல்லியிருக்கலாம், ஒரு நாள் வீண். இங்க அட்ரஸ்ல போடற டவுன் தபால்காரங்க வசதிக்கு வச்சது, அதை வச்சு எந்த கவுன்சில்னு முடிவு பண்ணவே கூடாது. அரசோட மேப் நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயோட எலெக்‌ஷன் மேப் ஆன்லைன்ல இலவசமா இருக்கு, பாரிஷ், வார்டு, கவுண்டி டிவிஷன் (கவுண்டி கவுன்சிலரோட தொகுதி) எல்லை எல்லாம் அதுல தெளிவா தெரியும்.

அந்த மேப்பைப் பாத்தப்ப தான் இன்னொரு தலைவலி தெரிஞ்சது. எங்க பாரிஷோட எல்லையே அந்த வாய்க்கால் தான்! பழைய பாரிஷ் எல்லைங்க நிறைய இடத்துல இப்படி ஓடையையும் வேலியையும் பிடிச்சுக்கிட்டு தான் போகும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்க பாரிஷ், அந்த வயலும் கேட்டும் பக்கத்து பாரிஷ், பக்கத்து டிஸ்ட்ரிக்ட். கவுண்டி மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணு.

எங்க பாரிஷ் கிளார்க் நல்லவங்க. வாரத்துல சில மணி நேரம் தான் வேலை, வீட்டுல இருந்தே பண்றாங்க, ஆனா மெயிலுக்கு பதில் வரும். சிக்கல் என்னன்னா பாரிஷ் கவுன்சில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை தான் கூடும். அஜெண்டாவை மூணு முழு நாள் முன்னாடியே நோட்டீஸ் போர்டுல ஒட்டணும், அதுல இல்லாத விஷயத்துல எந்த முடிவும் எடுக்க முடியாது. மீட்டிங் ஆரம்பத்துல பொதுமக்கள் பேச சில நிமிஷம் குடுப்பாங்க, பேசினேன், எல்லாரும் தலையாட்டினாங்க, "அடுத்த மீட்டிங்ல வைக்கலாம்"னு சொல்லிட்டாங்க. அதனால மீட்டிங்குக்கு ஒரு பத்து நாள் முன்னாடியே கிளார்க்குக்கு எழுதி அஜெண்டால போடச் சொல்லுங்க. பக்கத்து பாரிஷுக்கு கவுன்சிலே கிடையாது, அவ்வளவு சின்ன ஊரு, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊர்க் கூட்டம் நடந்தாலே போதும்னு சட்டம். அதோட சேர்மனுக்கு லெட்டர் போட்டேன், பதிலே இல்ல.

சரி, வயல் யாருதுன்னு நேரா கண்டுபிடிச்சுடலாம்னு லேண்ட் ரெஜிஸ்ட்ரில தேடினா அந்த நிலம் ரெஜிஸ்டரே ஆகல. இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க நிலத்தை வித்தா கட்டாயம் ரெஜிஸ்டர் பண்ணணும்னு வந்ததே 1990 டிசம்பர்ல தான். தலைமுறை தலைமுறையா கை மாறாம இருக்கற பண்ணை நிலம் இன்னும் ரெஜிஸ்டர்ல இல்லாம இருக்கும். உழுற ஆளைக் கேட்டா அவர் குத்தகைக்காரர், "ஓனர்கிட்ட கேளுங்க"ன்னு மட்டும் சொன்னாரு, ஓனர் பேரை சொல்லல.

இதுக்கு வழி காட்டினது எதிர்வீட்டு பாட்டியம்மா. அந்த வயலைத் தாண்டி இருக்கற பழைய களஞ்சியத்தை வீடா மாத்த சில வருஷம் முன்னாடி யாரோ பெர்மிஷன் கேட்டாங்கன்னு சொன்னாங்க. பக்கத்து டிஸ்ட்ரிக்டோட பிளானிங் பக்கத்துல போய்த் தேடினேன், எல்லாமே பொதுவுல இருக்கு. பிளானிங் மேப்ல விண்ணப்பம் போடற இடத்தை சிவப்புக் கோட்டுல காட்டுவாங்க, பக்கத்துல அதே ஆளுக்குச் சொந்தமான மத்த நிலத்தை நீலக் கோட்டுல காட்டணும். நம்ம கேட், நம்ம வயல், எல்லாம் அந்த நீலக் கோட்டுக்குள்ள! விண்ணப்பதாரர் பேரு, ஏஜென்ட் பேரு எல்லாம் ஃபார்ம்ல இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி நான் நிம்மதியா தூங்கினேன், அத்தனை ஆபீஸும் சொல்லாததை ஒரு பழைய விண்ணப்பம் சொல்லிடுச்சு.

அப்புறம் தான் சரியான கதவைத் தட்டினோம். 2007 கோடை வெள்ளத்துக்கு அப்புறம் வந்த 2010 ஃப்ளட் அண்ட் வாட்டர் மேனேஜ்மென்ட் ஆக்ட்படி, கவுண்டி, டிஸ்ட்ரிக்ட்னு ரெண்டடுக்கு கவுன்சில் இருக்கற இடத்துல சின்ன வாய்க்கால் வெள்ளத்துக்கு முன்னின்னு பாக்க வேண்டியது கவுண்டி கவுன்சில் தான், அங்க ஹைவேஸ்ல இருந்து தனியா ஒரு ஃப்ளட் டீம் இருக்கு. பெரிய ஆறுன்னா என்விரான்மென்ட் ஏஜென்சி, அவங்க மெயின் ரிவர் மேப் ஆன்லைன்ல இருக்கு, எங்க வாய்க்கால் அதுல இல்லைன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுது. தாழ்வான ஃபென் (சதுப்பு நிலம்) பகுதின்னா வாய்க்காலைப் பாத்துக்க தனியா டிரெயினேஜ் போர்டு இருக்கும், எங்க மேட்டுக் களிமண் ஊருக்கு அது இல்ல.

ஃப்ளட் டீமுக்கு எழுதும்போது நாங்க பண்ணது: 1991 லேண்ட் டிரெயினேஜ் ஆக்ட் செக்‌ஷன் 25 படி அடைப்பை எடுக்கச் சொல்லி நில ஓனருக்கு நோட்டீஸ் குடுங்கன்னு நேரடியா கேட்டோம். மழை பெஞ்ச நாள், மறுநாள், காய்ஞ்ச நாள்னு தேதியோட போட்டோ, கிரிட் ரெஃபரன்ஸ் (மேப்ல இடத்தைக் காட்டுற எண்), அந்த நீலக் கோட்டு மேப் எல்லாம் வச்சோம். இந்த நோட்டீஸ் குடுக்கறது அவங்க விருப்பம், கட்டாயம் இல்ல, அதனால வெறும் "தோட்டத்துல தண்ணி"ன்னு எழுதினா அடியில போயிடும். ரோட்டுல ஐஸ், ஸ்கூல் பஸ், செப்டிக் டேங்க், இதை முதல் பாராவுலயே எழுதுங்க. கூடவே 2004 என்விரான்மென்டல் இன்ஃபர்மேஷன் ரெகுலேஷன்ஸ் கீழ, அந்த பைப்புக்கு யாராவது அனுமதி வாங்கினாங்களான்னு ஒரு கேள்வி போட்டோம், வாய்க்கால்ல பைப் போடவும் மாத்தவும் அந்த 1991 சட்டத்தோட செக்‌ஷன் 23 அனுமதி வேணும். இருபது வேலை நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும். வந்துச்சு, அப்படி எந்த அனுமதியும் ரெக்கார்டுல இல்லைன்னு.

அதுக்கப்புறமும் ஃபைல் நகரல. நகர்த்தினது எங்க டிவிஷன் கவுண்டி கவுன்சிலர். அவர் பாரிஷ் மீட்டிங்குக்கு வந்து ரிப்போர்ட் குடுப்பாரு, அப்ப நேர்ல பிடிச்சு போட்டோவைக் காட்டினேன், மறுநாளே டீமுக்கு மெயில் போட்டு எனக்கும் காப்பி வச்சாரு. கொஞ்ச நாள்ல ஆபீசர் ஒருத்தர் நீளமான பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்து வாய்க்கால்ல இறங்கி, பைப் வாயில கைவிட்டுப் பாத்தாரு. அத்தனை மாசத்துல அந்த இடத்துக்கு வந்து பாத்த முதல் ஆளு அவர் தான்.

ஓனரோட ஏஜென்ட் முதல்ல, பறவை கூடு கட்டற காலம், செப்டம்பர் வரைக்கும் தொட முடியாதுன்னு பதில் போட்டாங்க. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரைக்கும் தடை இருக்கறது வேலி வெட்டறதுக்கு. கேட்டுக்கு அடியில இருக்கற பைப்புக்கு அது எப்படி பொருந்தும்னு ஆபீசரே திருப்பி எழுதி, செய்யலைன்னா நோட்டீஸ் வரும், அப்பவும் செய்யலைன்னா கவுன்சிலே செஞ்சு செலவை வசூலிக்கும்னு சொல்லிட்டாரு. நோட்டீஸ் வரைக்கும் போகல. ஜேசிபி வந்து ஒரே நாள்ல வேலை முடிஞ்சுது, ஒரே நாள்! இதுக்காகத் தான் மாமியார் அத்தனை நாள் கஷ்டப்பட்டாங்க.

இன்னும் ரோட்டோர கல்லி பாக்கி இருக்கு, அது ஹைவேஸ் பொறுப்பு தான், அவங்களே எழுத்துல ஒத்துக்கிட்டாங்க. அடுத்த பாரிஷ் மீட்டிங் அஜெண்டால போடச் சொல்லி கிளார்க்குக்கு எழுதியாச்சு. வீடு வாங்கப் போறவங்க, சர்வேயருக்குக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி நல்ல மழை பெஞ்ச மறுநாள் ஒருதடவை போய் வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுது, கீழ எந்த கேட்டுக்கு அடியில போகுதுன்னு நடந்தே பாத்துட்டு வாங்க.