மீன் இல்லாத மீன் தொட்டி: ஹட்டன் குளிரில் பக்டீரியா வளர்த்த அனுபவம்

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். அடியில் போட்ட மணலும் கல்லும் போக 50 லீற்றர் தண்ணீர் பிடிக்கிறது. வைகாசியில் நிறைத்து வைத்தேன். ஸ்பொஞ்ச் ஃபில்டர் குமிழி விட்டுக்கொண்டு ஓடுகிறது, ஹீட்டரில் சிவப்பு லைட் எரிகிறது, உள்ளே மருந்துக்கும் ஒரு மீன் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் கேட்டே விட்டார்.

"மீனில்லாத தொட்டிக்கு எதுக்கு தம்பி கரண்ட் பில் கட்டுறீங்க?"

"பக்டீரியா வளர்க்கிறேன் அக்கா."

"அதையெல்லாம் காசு குடுத்தா வளர்ப்பாங்க? எங்க வீட்டுக் குசினியில வேண்டிய மட்டும் இருக்கு, வந்து அள்ளிக்கிட்டுப் போங்க."

அக்கா சொன்னதில் பாதி சரிதான். இந்த வகை பக்டீரியா மண்ணிலும் ஓடையிலும் இயற்கையாகவே இருக்கிறது. தொட்டிக்கு வேண்டியது கூட்டம். மீன் செவுள் வழியாக ஓயாமல் அமோனியாவை வெளியே விடும். ஒரு கூட்டம் அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றிச் சமாளித்துக்கொள்ளலாம். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபேக்டர் என்றுதான் பழைய புத்தகங்களில் இருக்கும். நன்னீர்த் தொட்டிகளில் உண்மையில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2015ல், இரண்டு வேலையையும் ஒன்றே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் இருப்பதும் தெரியவந்தது. அவற்றில் சில, மீன் வளர்ப்புத் தொட்டி ஒன்றின் ஃபில்டரிலேயே கிடைத்தவை.

இவை எல்லாமே மெதுவாகப் பெருகுகிறவை. மீனை விட்டுவிட்டு இவை பெருகும் வரை காத்திருந்தால், அதுவரை மீன் தன் கழிவிலேயே கிடக்க வேண்டும். அதனால் மீனுக்குப் பதிலாக அமோனியாவை நாமே ஊற்றி, கூட்டத்தை முதலில் வளர்த்துவிடுவது. கொழும்பில் இருப்பவர்கள் செய்தால் பெரிய வில்லங்கம் ஒன்றும் இல்லை. ஹட்டன் கிட்டத்தட்ட 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் ஹீட்டர் இல்லாத தொட்டியில் தண்ணீர் 17 பாகைக்கு வந்துவிடும். அதோடு எங்களுக்கு வருவது பீலித் தண்ணீர், அதாவது மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீர். குளோரின் இல்லை, அது பெரிய வசதி. ஆனால் அதில் கரைந்த உப்புகளும் இல்லை. டெஸ்ட் கிட்டில் கேஎச், அதாவது தண்ணீர் புளித்துவிடாமல் தடுக்கும் காபனேற்றுக் கடினத்தன்மை, 1 டிகிரிதான் காட்டியது. இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

முதலில் அமோனியாவுக்கு வழி. வாசனை, சவர்க்காரம் எதுவும் சேராத அமோனியாப் போத்தல் டவுனில் கிடைக்கவில்லை. இறாலை அழுகப் போடலாம், ஆனால் எவ்வளவு அமோனியா வந்தது என்று கணக்கு வைக்க முடியாது, வீடும் நாறும். மாமாவிடம் கொஞ்சம் தேயிலையும் லீக்ஸ் பாத்தியும் இருக்கிறது. அவரிடம் சல்பேட் உரம் ஒரு கிண்ணம் கேட்டேன்.

"மீனுக்கு உரம் போடுற ஆளை இப்பதான் பார்க்கிறேன் மாப்பிள" என்றார்.

அமோனியம் சல்பேட் என்பது நிறையில் நூற்றுக்கு 26 பங்கு அளவில் அமோனியாதான். 50 லீற்றரை 2 பிபிஎம்முக்கு, அதாவது லீற்றருக்கு 2 மில்லிகிராம் அமோனியாவுக்கு, கொண்டுவர 0.4 கிராம் போதும். சமையல் தராசில் அவ்வளவு சிறிய நிறை பிடிபடாது. அதனால் 4 கிராமை 500 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து போத்தலில் வைத்துக்கொண்டேன். ஒரு தடவைக்கு 50 மில்லிலீற்றர். வேண்டியது வெள்ளையாக இருக்கும் தனிச் சல்பேட். பல நிறக் குருணை கலந்த கலவை உரம் தொட்டிக்கு ஆகவே ஆகாது. யூரியாவும் வேலை செய்யும், ஆனால் அது முதலில் உடைந்து அமோனியாவாக வேண்டும். 5 பிபிஎம்முக்கு மேல் ஏற்றினால் வேகம் கூடாது, பக்டீரியாவே திணறும்.

கூட்டம் தொடங்க விதை பக்டீரியாவுக்கு, கண்டியில் இருக்கும் நண்பர் பல வருடமாக ஓடும் தன் தொட்டியின் ஸ்பொஞ்சை ஒரு வாளியில் பிழிந்து கொடுத்தார். கடும் பிளேன்டீ நிறத்தில் இறங்கியது. கலங்கலைப் போத்தலின் பாதி அளவுக்கு ஊற்றி, மீதியைக் காற்றுக்கு விட்டுக் கொண்டுவந்தேன். இவற்றுக்கு ஒட்சிசன் நிறைய வேண்டும். கழுத்து வரை நிறைத்து மூடிவிட்டால் வழியிலேயே மூச்சுமுட்டும். கடையில் விற்கும் பக்டீரியாப் போத்தல்களை நான் வாங்கவில்லை. எத்தனை மாதம் எந்தச் சூட்டில் கிடந்து வந்ததோ, வெளியில் இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் காசுக்கு நல்ல சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்றை வாங்குவது மேல்.

இனி கேஎச். ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசனை நைட்ரேட் ஆக்க, 7 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலான சுண்ணாம்புக் காரம் செலவாகும். கணக்குப் போட்டால் 2 பிபிஎம் அமோனியா ஒரு தடவை ஊற்றுவது, கேஎச்சில் 0.7 டிகிரி அளவைத் தின்றுவிடும். எங்கள் பீலித் தண்ணீரில் இருப்பதோ 1 டிகிரி. இரண்டாம் தடவை ஊற்றும்போதே கையிருப்பு காலி. அதற்குப் பிறகு பிஎச் சரியத் தொடங்கும், அதாவது தண்ணீர் புளிக்கத் தொடங்கும். 6.5க்குக் கீழே வேலை தளரும், 6க்கு வந்தால் கிட்டத்தட்ட நின்றேவிடும்.

கணக்கு கண்ணில் தெரிகிறதா என்று பார்க்க ஆசை வந்தது. 5 லீற்றர் தண்ணீர்க் கேன் இரண்டு எடுத்தேன். இரண்டிலும் ஒரே பீலித் தண்ணீர், ஒரே அளவு ஸ்பொஞ்ச் கலங்கல், ஒரே அளவு அமோனியா, ஆளுக்கொரு காற்றுக்கல். ஒன்றில் மட்டும் இரண்டு சிட்டிகை அப்பச்சோடா. இரண்டையும் சூடான தொட்டிக்கு ஒட்டினாற்போல் வைத்து, ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைத் தகட்டால் மூடினேன். முதல் ஊற்றலில் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு சோடாக் கேனில் அமோனியா இறங்கி இறங்கி, டெஸ்ட் கிட்டில் சுழியத்தைக் காட்டும் மஞ்சளுக்கு வர, மற்றது அமோனியா இருப்பதைக் காட்டும் பச்சையிலேயே நின்றது. பிஎச் பார்த்தால், கிட்டின் கடைசிக் கட்டத்து மஞ்சள், 6. அதிலும் சோடா போட்டேன். கொஞ்ச நாளில் அதுவும் இறங்கத் தொடங்கியது. பக்டீரியா சாகவில்லை, வேலைநிறுத்தம்தான்.

பெரிய தொட்டிக்கு, மட்டமாகத் தட்டிய ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா போட்டேன். 50 லீற்றருக்கு கேஎச் சுமார் 3 டிகிரி ஏறியது. அதோடு மாமா தோட்டத்து மண்ணின் புளிப்புக்குப் போடும் டொலமைட்டில் பருமனான துண்டுகளைப் பொறுக்கிக் கழுவி, பழைய காலுறையில் கட்டி ஃபில்டருக்குப் பின்னால் போட்டேன். சோடா உடனே வேலை செய்யும், உடனே தீரும். டொலமைட் சோம்பேறி, தண்ணீர் புளிக்கப் புளிக்கத்தான் கரையும். அதனால் அது நீண்ட காலக் காவலுக்கு. சிப்பி ஓடும் ஆகும். கரையோரத்தில் பவளக்கல் பொறுக்கி வரலாமே என்று சிலர் சொல்வார்கள். அது சட்டத்துக்கு விரோதம், வேண்டாம்.

சூட்டுக்கு 100 வாட் ஹீட்டர். இந்தக் கொள்ளளவுக்கு 50 வாட் போதும் என்று பெட்டியில் இருக்கும். அந்தக் கணக்கு 25 பாகை அறைக்கு, இரவில் 14 பாகைக்கு இறங்கும் அறைக்கு அல்ல. பின்பக்கம், இரு பக்கவாட்டு, மேல்மூடி எல்லாவற்றுக்கும் ரெஜிபோம் தகடு வெட்டி ஒட்டினேன். 27 பாகையில் நின்றது. பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட். அக்கா பயப்பட்ட அளவுக்கு பில் வரவில்லை. லைட் போடவே இல்லை, இவற்றுக்கு வெளிச்சம் தேவையில்லை, போட்டால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

ஆரம்ப நாட்களில் தண்ணீர் பால் கலந்தது போல் மங்கும். பயந்து தண்ணீரை மாற்ற வேண்டாம். அது வேறு வகை பக்டீரியா, தானாகவே தெளியும்.

அமோனியா இறங்கத் தொடங்கிய பிறகு நைட்ரைட் ஏறியது. ஆளைச் சோதிக்கும் கட்டம் இதுதான். நைட்ரைட் டெஸ்ட் மருந்தில் ஐந்து சொட்டு விட்ட மாத்திரத்தில் குழாயின் அடியில் கத்தரிப்பூ நிறம் திரண்டு நிற்கும், குலுக்கினால் முழுதும் இருண்டுவிடும். ஆனிமாதம் முழுக்க அதே நிறம். அட்டையின் உச்ச நிறத்தைத் தாண்டிவிட்டால் 5 என்பதும் 30 என்பதும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் தொட்டித் தண்ணீர் ஒரு பங்கு, பீலித் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து சோதித்து, வந்ததைப் பத்தால் பெருக்கினேன். 20 என்று வந்தது. பாதித் தண்ணீரை மாற்றி, கேஎச்சைத் திரும்ப ஏற்றி, அமோனியா ஊற்றுவதைப் பாதியாகக் குறைத்தேன். மீன் தீனி ஒரு சிட்டிகை நுணுக்கிப் போட்டேன். பக்டீரியாவுக்குக் கொஞ்சம் பொசுபேற்றும் வேண்டும், வெறும் சல்பேட் உரத்திலும் மலைத் தண்ணீரிலும் அது இருக்காது. எது கை கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆடி பிறந்த பிறகு ஒரு காலை நீலமாக, அதாவது நைட்ரைட் சுழியமாக, வந்தது.

நடுவில் காற்றுக்கு மரம் விழுந்து ஓர் இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. மூடிய பெட்டி ஃபில்டராக இருந்தால், தேங்கிய தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்து உள்ளே இருப்பவை சாகத் தொடங்கியிருக்கும். ஸ்பொஞ்ச் திறந்த தண்ணீரில் நிற்பதால் அவ்வளவு பாதிப்பில்லை. மறுநாள் அமோனியா இறங்கக் கொஞ்சம் தாமதமானது, அவ்வளவே. மலைநாட்டுக்கு ஸ்பொஞ்ச் ஃபில்டர்தான் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

"இதெல்லாம் எதுக்குங்க, நான் நேரே மீனை விட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிஎச் 6.5ல், 20 பாகையில், அமோனியாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் விஷ வடிவில் இருக்கும், மீதியெல்லாம் அமோனியம். புளிப்பான மலைத் தண்ணீர் அவர்கள் மீனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பிஎச் 8க்கு ஏறினால் அதுவே நூற்றில் நான்கு பங்காகிவிடும். யாரோ சொன்னார்கள் என்று ஒரு நாள் அப்பச்சோடாவை அள்ளிப் போடும்போது தொட்டியே கவிழ்ந்துவிடுவது இப்படித்தான். சோடா போடுவதென்றால் மீன் வருவதற்கு முன் போடுங்கள். மீன் ஏற்கெனவே இருந்தால் முதலில் அமோனியாவைச் சோதியுங்கள்.

இரவில் 2 பிபிஎம் ஊற்றி, மறுநாள் இரவுக்குள் அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்தால் தொட்டி தயார். தொடர்ந்து சில நாள் அப்படி வந்த பிறகுதான் நம்பினேன். 2 பிபிஎம் அமோனியா 7 பிபிஎம்முக்கு மேல் நைட்ரேட்டாக மாறும், அதனால் இதற்குள் நைட்ரேட் கண்டபடி ஏறியிருந்தது. முக்கால் தொட்டித் தண்ணீரை மாற்றினேன். பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றாமல் கேத்தல் தண்ணீர் கலந்து சூடு சமன் செய்துகொண்டேன்.

ஹீட்டரை ஒரு நாளைக்கு ஒரு பாகை என்று இறக்கி 22ல் நிறுத்தியிருக்கிறேன். முதலில் விட்டது ஆறு வரிக்குதிரை டேனியோ. கங்கை, பிரம்மபுத்திராப் பக்கத்து ஓடைகளில் வாழும் மீன், குளிரைத் தாங்கும், கரண்ட் போய் 18க்கு இறங்கினாலும் ஓடித் திரியும். நம் நாட்டுக்கே உரிய செரி பார்ப்பும் பிளாக் ரூபி பார்ப்பும் ஆசைதான், ஆனால் அவை தென்மேற்கு ஈரவலயத்து ஓடை மீன்கள், செரி பார்ப் 23க்குக் கீழே வாடும். பிளாக் ரூபியை மார்கழிக் குளிர் கழிந்த பிறகு யோசிக்கலாம்.

மீன் விட்டபின் அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியத்திலேயே நிற்கின்றன. கேஎச் மட்டும் வாரம் அரை டிகிரி அளவு இறங்குகிறது, தண்ணீர் மாற்றும்போது அரைத் தேக்கரண்டி சோடாவை வாளியில் கரைத்து ஊற்றுகிறேன். மாமாவுக்குக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மீதிச் சல்பேட் லீக்ஸ் பாத்திக்குப் போனது.