அயர்லாந்தில் பரிசு வாங்கப் போகிறவர்களுக்கு

டப்ளினிலும் கால்வேயிலும் சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தெருக்களில் கடைக்குக் கடை ஆரன் ஸ்வெட்டர் தொங்கும், ஆரன் தீவுகளின் பெயர் கொண்ட கனத்த கம்பளி ஸ்வெட்டர் அது. கையில் எடுத்ததும் முதலில் உள்பக்கத் தையலில் இருக்கும் சின்ன லேபிளைப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் துணி எந்த இழையால் ஆனது என்று எழுதியே ஆகவேண்டும். எந்த நாட்டில் தயாரானது என்று எழுதக் கட்டாயமில்லை. அதனால் 'டிசைன்ட் இன் அயர்லாந்து' என்று மட்டும் இருந்தால் அது பொய்யில்லை. ஆனால் பின்னியது வேறு நாட்டில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'மேட் இன் அயர்லாந்து' என்று இருக்கிறதா என்பதுதான் நமக்கு முக்கியம்.

அடுத்து ஒரு சொல் நம்மவர்களை ஏமாற்றும். 'ஹேண்ட் லூம்ட்' என்றதும் நமக்குக் கைத்தறி ஞாபகம் வரும். ஸ்வெட்டர் விஷயத்தில் அதற்குக் கையால் இயக்கும் பின்னல் மெஷின் என்று அர்த்தம். ஊசியால் பின்னியதற்கு 'ஹேண்ட் நிட்டட்' என்று எழுதியிருக்கும். லேபிளில் சந்தேகம் இருந்தால் ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்புங்கள். விலாத் தையலில் ஓவர்லாக் நூல் வரிசையாக ஓடினால் மெஷினில் பின்னி வெட்டித் தைத்தது. கையால் பின்னியதில் அதே கம்பளி நூலால் இரண்டு பக்கமும் கோத்து இணைத்திருப்பார்கள், வெட்டிய விளிம்பே இருக்காது. முன்பக்கம் முறுக்குக் கயிறு, தேன்கூடு போன்ற பின்னல்கள் விரல் பதியும் அளவுக்கு எழும்பி நிற்கும். எடையும் தெரியும்: பெரியவர் அளவு கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். பின்னி முடிக்க வாரக்கணக்கில் ஆகும் வேலை அது. 100 யூரோவுக்கு யாராவது கைப்பின்னல் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மெஷின் பின்னல் மட்டம் என்று சொல்லவில்லை. மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளியில் மெஷினில் பின்னியது மெத்தென்று இருக்கும், கழுத்தில் குத்தாது, பெட்டியிலும் இடம் அடைக்காது. மெரினோ பெரும்பாலும் இறக்குமதிதான். அயர்லாந்து ஆடுகளின் கம்பளி முரடு, அதில் பெரும்பகுதி கம்பளத்துக்குப் போகிறது.

உங்கள் குடும்பப் பெயருக்கு இந்தப் பின்னல் என்று அட்டவணை காட்டி விற்பார்கள். அதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை. ஆரன் ஸ்வெட்டரே இன்றைய வடிவத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்ததுதான். கண்ணுக்குப் பிடித்த பின்னலை எடுங்கள்.

துவைக்கும்போதுதான் நிறையப் பேர் கெடுத்துவிடுகிறார்கள். வெந்நீரும் அலசலும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கிவிடும், திரும்ப விரியாது. பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ போட்டு ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, படுக்கைவசமாக உலர்த்துங்கள். ஹேங்கரில் மாட்டினால் நனைந்த எடைக்கு நீண்டுவிடும்.

சென்னையில் இருப்பவருக்குப் பரிசு என்றால் ஸ்வெட்டரை விட்டுவிட்டு லினன் பாருங்கள். வட அயர்லாந்தில் பான்பிரிட்ஜில் 1854 முதல் நெய்யும் தாமஸ் ஃபெர்குசன் போன்ற ஆலைகள் இருக்கின்றன. லினனுக்கான ஆளி நார் இன்று பெரும்பாலும் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கமிருந்து வருகிறது, நெய்வது அங்கே. 'லினன் யூனியன்' என்றிருந்தால் பருத்தி கலந்தது. டீ டவல், கைக்குட்டை எல்லாம் உடையாது, கனக்காது, வெயிலுக்கும் ஏற்றது.

மோதிரத்தில் கிளாடா: இரண்டு கைகள் ஏந்திய இதயம், மேலே கிரீடம். கால்வேயின் பழைய மீனவர் குடியிருப்பின் பெயர் அது. 916 பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே 375, 585, 750 தென்படும். அதாவது 9, 14, 18 காரட். 22 காரட் சாதாரணமாகக் கடையில் இருக்காது. வளையத்தின் உள்பக்கம் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: தயாரித்தவரின் எழுத்துகள், தரத்தின் எண், உட்கார்ந்த பெண் உருவம். அந்தப் பெண் ஹைபர்னியா, தங்கம், வெள்ளியின் தரம் சோதிக்கும் டப்ளின் அஸ்ஸே ஆபீஸின் முத்திரை. வெள்ளிக்கு 925. மோதிர அளவு அங்கே ஆங்கில எழுத்தில் சொல்வார்கள், நம் ஊர் எண் உதவாது. பொருந்துகிற ஒரு மோதிரத்தின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டு போங்கள்.

பௌரான் என்ற ஆட்டுத்தோல் பறை ஆசை காட்டும். தோலில் ஓவியம் தீட்டி, விளிம்பில் ஆணி மட்டும் அடித்தது சுவரில் மாட்டத்தான். வாசிக்க வேண்டுமானால் உள்பக்கம் திருகுகள் இருக்கவேண்டும். ஈரக்காற்றில் தோல் தொய்யும், ஏசி அறையில் இழுத்துக்கொள்ளும். பறையைத் தீயில் காட்டி முறுக்கேற்றுகிறோமே, இந்தத் தோலும் அப்படித்தான். திருகு இருந்தால் சமாளிக்கலாம். வாசிப்பவருக்குச் சிக்கனமான பரிசு வேண்டுமென்றால் டி சுருதி டின் விசில் என்ற உலோகக் குழல். ஆறு துளை, பெட்டியில் எளிதாக அடங்கும்.

விலையோடு கட்டிய விற்பனை வரியை (வாட்) ஊர் திரும்பும்போது திரும்பப் பெறுவது பற்றி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு மட்டும் இது உண்டு. பில் 75 யூரோவைத் தாண்டவேண்டும், கடையும் இந்தத் திட்டத்தில் இருக்கவேண்டும். வரி 23 சதவீதம், ஆனால் அது விலைக்குள் அடங்கியது. 100 யூரோ பில்லில் வரி 18.70 யூரோதான், அதிலும் சேவைக் கட்டணம் போகும். குழந்தைகள் உடைக்கு அங்கே வரியே இல்லை, அதனால் குழந்தை ஸ்வெட்டருக்குத் திரும்ப எதுவும் வராது. பொருளைக் காட்டு என்று சுங்கத்தில் கேட்கலாம், ஆகவே வாங்கியதைப் பெட்டியின் அடியில் திணித்து செக்-இன் செய்துவிட்டு வரிப் படிவத்தோடு போய் நிற்காதீர்கள்.