நூலகர் சாப்பிடும் நேரம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கொடுத்த கட்டுரைத் தலைப்புகளை இப்போது நினைத்தாலும் மனம் கூசுகிறது. 'மழைக்கால மாலை', 'நான் ஒரு பறவையானால்', 'நூலகத்தின் பயன்கள்'. திங்கட்கிழமை நோட்டுகள் மேசைக்கு வந்து சேரும். எல்லா நோட்டிலும் வானம் கறுத்திருக்கும், எல்லாப் பறவைகளும் எல்லைகளைத் தாண்டிப் பறக்கும், எல்லா நூலகங்களும் அறிவுச் சுரங்கமாக இருக்கும். சந்திப்பிழைகளைச் சுழித்து மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். இந்தப் பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்று ஆசிரியர் அறையில் குறைப்பட்டும் கொள்வேன்.

அந்த வருடம் அதிகம் பேசாத ஒரு பையன், பறவையை விட்டுவிட்டுத் தன் தாத்தாவின் செருப்பைப் பற்றி எழுதியிருந்தான். இடது செருப்பு மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும் என்றும், தாத்தா போன பிறகும் அது வாசலில் சாய்ந்தே கிடந்தது என்றும் ஒரு பத்தி. அதில் பதினோரு இடத்தில் சிவப்பு மை வைத்தேன். அடியில் 'தலைப்பை ஒட்டி எழுதவும்' என்று குறிப்பும் எழுதினேன். அடுத்த வாரம் அவன் ஒரு பிழைகூட இல்லாமல், கைடில் இருந்ததை வரிக்கு வரி எழுதிக் கொண்டுவந்தான். அதற்கு முழு மதிப்பெண் போட்டேன். நான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின. அவன் முகம் இன்றும் மறக்கவில்லை. அந்தப் பத்தியை வாசிக்க அவனுக்கு இருந்த ஒரே ஆள் நான்தான். நானும் வாசிக்கவில்லை, திருத்தத்தான் செய்தேன்.

அதன் பிறகு எழுத்து வகுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். முதலில் மாறியது தலைப்பு. முழுத் தலைப்பு கொடுத்தால், அதற்கென்று ஏற்கெனவே செய்து வைத்த வாக்கியங்கள் வந்து குந்திக்கொள்ளும். இத்தாலியச் சிறார் எழுத்தாளர் ஜான்னி ரோடாரி, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு சொற்களை மோதவிட்டுக் கதை பிறக்க வைக்கும் ஒரு முறையைச் சொல்லியிருக்கிறார். அவர் காட்டிய சொற்கள் நாயும் அலமாரியும். தமிழில் இதைச் செய்து பார்த்தபோது எனக்கு ஒரு புதையல் கிடைத்தது, வேற்றுமை உருபு. நாயின் அலமாரி, நாய்க்கு அலமாரி, அலமாரியில் நாய், அலமாரியை நாய், அலமாரியால் நாய். உருபு மாற மாறக் கதையும் மாறும். 'அலமாரியால் நாய்' என்றதும் வகுப்பு விழித்தது. அலமாரியால் நாய்க்கு என்ன நேர்ந்தது? ஒருத்தி எழுந்து, "அலமாரியாலதான் நாய் வீட்டுக்குள்ள வந்துச்சு டீச்சர், பழைய அலமாரியைக் கொடுத்துட்டு வாங்கிட்டு வந்தாங்க" என்றாள். மனப்பாடப் பகுதியாக மட்டும் தெரிந்திருந்த மூன்றாம் வேற்றுமையை அன்று அவர்கள் கைக்கருவியாக எடுத்துக்கொண்டார்கள்.

கட்டுப்பாடு கற்பனையை நெரித்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். எழுத்துகளை வைத்து விளையாடும் நம் சித்திரகவிகளில் நிரோட்டகம் என்று ஒரு வகை உண்டு. உதடு ஒட்டியோ குவிந்தோ பிறக்கும் எழுத்து ஒன்றுகூட வராமல் பாடுவது. அதை அப்படியே கொடுத்தால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள் என்பதால் தளர்த்தினேன். பகரமும் மகரமும் வரக்கூடாது, நான்கு வரி போதும், உங்கள் வீட்டில் ஒருவரைப் பற்றி எழுதுங்கள். எழுத ஆரம்பித்ததுமே முட்டிக்கொண்டார்கள். அம்மா இல்லை, அப்பா இல்லை, பாட்டி இல்லை, தம்பி இல்லை. மழை என்றுகூட எழுத முடியாது. ஒருவன் மழையை 'வானத்து நீர்' ஆக்கினான். அம்மாவை எழுத முடியாமல் வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்த இன்னொருவன் கடைசியில் எழுதியது: 'எனக்காக விழித்திருந்தவள்.' எடுத்துப் படித்த பக்கத்து பெஞ்சுப் பையன் ஒன்றும் பேசாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். பழகிய சொல் அடைபட்டதால்தான் அவன் தன் தாயை நேராகப் பார்க்க வேண்டியதாயிற்று.

உணர்ச்சியை எழுதச் சொல்லும் வகுப்பு இன்னும் கடினம். 'அவள் மிகவும் சோகமாக இருந்தாள்' என்று எழுதிவிட்டு அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். இங்கே எனக்குக் கைகொடுத்தது தொல்காப்பியம். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது வெளியே தெரியும் உணர்ச்சிகளைச் சொல்வதோடு தொல்காப்பியர் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு நிலைக்களன்களையும் தருகிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு (நிலை தளர்தல்), வறுமை. இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. ஆக முப்பத்திரண்டு. எழுதுகிறவனுக்கு இதைவிடப் பயன்படும் பட்டியலை நான் கண்டதில்லை. உணர்ச்சியின் பெயர் எழுத்துக்குள் வரத் தேவையே இல்லை. அது பிறந்த இடத்தைக் காட்டிவிட்டால் வாசிப்பவரே மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்.

சீட்டுகளில் இவற்றை எழுதி மடித்துக் கொடுப்பேன். காட்சி எல்லோருக்கும் ஒன்றுதான், பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் காத்திருக்கிறார். சீட்டில் உள்ள சொல் எழுத்தில் வரக்கூடாது. வாசித்து முடித்ததும் மற்றவர்கள் அது எந்தச் சீட்டு என்று சொல்ல வேண்டும். 'அழுகை, இழவு' வந்த ஒரு பெண் இப்படி எழுதினாள்: பேருந்தில் ஏறியவள் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டாள். யார் கேட்டும் எடுக்கவில்லை. இறங்கும்போது மட்டும் எடுத்துக்கொண்டாள். முப்பது வருடமாக அந்த இருக்கைக்குத் தனியாக ஒரு டிக்கெட் வாங்கியிருக்கிறாள்.

பாதிப் பேர் வெகுளி என்றார்கள், பாதிப் பேர் அழுகை என்றார்கள். பெரிய சண்டை. கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு ஒருவன், "முப்பது வருஷம்னா கூட ஒருத்தர் வந்திருக்கணும்ல?" என்று கேட்டதும் வகுப்பு அமைதியானது. எழுதியவளுக்கும் அன்று ஒன்று புரிந்தது. கடைசி வரி இரண்டு வகையாகப் படிக்க இடம் கொடுக்கிறது, கூட வந்தவர் சாகும்வரை வாங்கியதா, அவர் செத்த பிறகும் வாங்குகிறாளா என்று தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லாமலே திருத்தி எழுதினாள். சிவப்பு மையால் நடக்காதது நாற்பது வாசகர்களால் நடந்தது.

இவ்வளவும் கதை எழுதும் வகுப்பின் பாடு. வாதம் எழுதுவதை வேறு பருவத்தில், வேறு முறையில், முற்றிலும் வேறு பாடமாக நெடுநாள் நடத்தி வந்தேன். அதில் ஏற்கெனவே செய்து வைத்த வாக்கியங்கள் இன்னும் அதிகம். 'ஆகவே, மேற்கூறிய காரணங்களால்' என்று முடியாத கட்டுரையே இராது. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குக் காட்டியது எங்கள் பள்ளி நூலகத்தின் பூட்டு.

மதிய இடைவேளையில் நூலகம் மூடியிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் சிலருக்கு அது பெரும் குறை. சரி, தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள், நன்றாக இருந்தால் உண்மையாகவே கொடுப்போம் என்றேன். வந்த முதல் வரைவுகள் பழைய கட்டுரைகளேதான். நூலகம் அறிவின் ஊற்று, ஆகவே திறக்க வேண்டும். ஒரு குழு மட்டும் கொஞ்சம் மெனக்கெட்டு இரவல் பதிவேட்டைப் பார்த்து வந்திருந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய பெயர்களே இருந்தன. இதைச் சான்றாக வைத்து, 'எனவே மதியமும் திறக்க வேண்டும்' என்று முடித்திருந்தார்கள்.

நான் அதே சான்றைக் கரும்பலகையில் எழுதி, கீழே, 'எனவே மதியம் திறக்கத் தேவையில்லை' என்று எழுதினேன். சிலர் சிரித்தார்கள், பிறகு முகம் மாறியது. யாரும் வருவதில்லை, அதனால் மூடலாம். மூடியிருக்கிறது, அதனால் யாரும் வருவதில்லை. பதிவேட்டை வைத்துக்கொண்டு இரண்டையும் சொல்ல முடிகிறது. ஸ்டீபன் டூல்மின் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 1958இல் வாதங்களை இப்படிப் பிரித்துக் காட்டினார்: ஒரு கூற்று, அதற்குச் சான்று, சான்றிலிருந்து கூற்றுக்குப் போக ஒரு பாலம். பிள்ளைகளிடம் நான் டூல்மினைச் சொல்லவில்லை, பாலத்தை மட்டும் சொன்னேன். எங்கே பாலம் என்று கேட்டேன். அந்தக் குழு மறுபடி போய், வகுப்புத் தோழர்களிடம் எந்த நேரத்தில் நூலகம் போக முடிகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டு வந்தது. காலையில் வழிபாட்டுக் கூட்டம், மாலையில் பேருந்து. மதியம் ஒன்றுதான் மிச்சம். இப்போது பாலம் கிடைத்துவிட்டது.

ஆனால் கடிதத்தில் இன்னும் ஒரு ஓட்டை இருந்தது. பூட்டுக்குப் பின்னால் இருக்கும் மனிதரை யாருமே யோசிக்கவில்லை. அவர் ஏன் மூடுகிறார் என்று கேட்டால், "சோம்பேறித்தனம் டீச்சர்" என்று ஒரு குரல் வந்தது. அன்று கடிதத்தை நிறுத்தினேன். நூலகராக மாறி, 'நான்' என்று தொடங்கி அவருடைய மதிய அரைமணி நேரத்தை எழுதுங்கள் என்றேன். போய்ப் பேசலாம், பார்க்கலாம், மிச்சத்தைக் கற்பனை செய்யலாம்.

எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன், இதுபோல் ஒன்று அமைந்ததில்லை. நூலகர் ஒற்றை ஆள் என்பதும், இரண்டு வருடத்துக்கு முன் மதிய நேரத்தில்தான் புத்தகங்கள் காணாமல் போயின என்பதும், அதற்கு அவர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதும் பேசப் போனவர்களுக்குத் தெரிய வந்தன. ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'வலது கையால் சாப்பிடுகிறேன். இடது கை பதிவேட்டின் மேல் இருக்கிறது. கதவு பூட்டியிருந்தாலும் அந்தக் கை அங்கிருந்து நகர்வதில்லை.' சோம்பேறித்தனம் என்று சொன்ன பையன்தான் இதைச் சத்தமாக வாசித்தான்.

அடுத்து எழுதிய கடிதம் வேறு கடிதம். நூலகரின் சாப்பாட்டு நேரத்தைத் தொடவே இல்லை. வகுப்புக்கு இருவராக முறைவைத்து வாசலில் அமர்வோம், வருவோர் பெயரையும் நேரத்தையும் எழுதுவோம், மதியத்தில் இரவல் கிடையாது, உள்ளேயே வாசிப்பது மட்டும்தான் என்று எழுதினார்கள். பேசுகிறவர் மேல் நம்பிக்கை, கேட்கிறவரின் மனநிலை, வாதத்தின் கட்டு, இந்த மூன்றாலும் மனிதர் இணங்குகிறார் என்று அரிஸ்டாட்டில் சொன்னார். அந்த ஒரு பக்கத்தில் மூன்றுமே இருந்தன. நடுவில் உள்ளதை அவர்கள் கதை எழுதித்தான் அடைந்தார்கள்.

இதில் ஒரு சிக்கலும் வந்தது. ஒருவன் தன் வரைவில், நூலகம் பூட்டியிருந்ததால் போட்டிக்குத் தயாராக முடியாமல் தோற்று அழுத ஒரு மாணவியைப் பற்றி உருக்கமாக எழுதியிருந்தான். விசாரித்தால் அப்படி யாரும் இல்லை. எடுத்துவிடு என்றேன். அவன் விடவில்லை. "கதையில இல்லாததை எழுதலாம்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர். இதுல மட்டும் ஏன் கூடாது?" நியாயமான கேள்வி. கதை வாசிக்கிறவருக்கு அது கதை என்று தெரியும், தெரிந்தே உன்னோடு வருகிறார். கடிதம் வாசிக்கிறவர் நீ சொன்னதை நம்பி ஒரு முடிவு எடுக்கப்போகிறார், அந்த முடிவு இன்னொருவர் தலையில் விழும் என்றேன். நூலகர் மறுபடியும் விளக்கம் எழுத வேண்டி வந்தால்? அவன் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, தான் எப்போது பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினான் என்று உண்மையில் நடந்ததை இரண்டே வரியில் எழுதினான். உருக்கம் குறைவுதான். கடிதத்தில் இடம்பெற்றது அந்த இரண்டு வரிதான். எழுதக் கற்றுக்கொடுக்கிற ஒவ்வொருவரும் இந்த இடத்தில் நின்று பேசியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இணங்க வைக்கும் திறமையைக் கையில் கொடுத்துவிட்டு அதை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லாமல் விடுவது பெரிய தவறு.

தலைமையாசிரியர் கடிதத்தைப் படித்துவிட்டு நாங்கள் கேட்ட ஐந்து நாளில் மூன்று நாளுக்கு ஒப்புக்கொண்டார், சோதனையாக. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வியும் எழுதியிருந்தார்: 'வாசலில் அமரும் இருவர் எப்போது சாப்பிடுவார்கள்?' அதை ஒருவரும் யோசித்திருக்கவில்லை. மதிப்பெண்ணே இல்லாத அந்தக் கேள்விக்குப் பதில் எழுத அன்று மாலை ஆறு பேர் வகுப்பில் தங்கினார்கள்.

பதிவேட்டின் மேல் இருக்கும் இடது கையைப் பற்றி எழுதிய பெண்ணிடம் அனுமதி கேட்டு, அந்தத் தனிமொழியை நூலகரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்பா இருக்கு டீச்சர்" என்றார். "நான் மேசையில உட்கார்ந்து சாப்பிடறதில்லை. ஜன்னல்கிட்ட நின்னுதான். பிள்ளைங்க விளையாடுறது அங்கிருந்துதான் தெரியும்."

அவளிடம் சொன்னேன். அடுத்த நாள் புது வரைவோடு வந்தாள். பதிவேடு இன்னும் மேசையில்தான் இருந்தது. அவர் ஜன்னல் அருகே நின்றுகொண்டிருந்தார்.