டியூக் விருது செய்ய யோசிக்கிற வன்னிப் பிள்ளையளுக்கு

ஏ.எல் எடுத்திட்டு வீட்டில நிக்கிற தம்பி தங்கச்சியவை அடிக்கடி கேக்கிறது, "அக்கா, அந்த எடின்பரோ கோமகன் விருது காசுள்ள பிள்ளையளுக்குத்தானே?" எண்டு. இல்லையடா. அது சேவை, திறன், உடற்பயிற்சி, பயணம் எண்டு நாலையும் செய்து முடிக்கிற இளைஞருக்குக் குடுக்கிற விருது. இலங்கையில அதை நடத்துறது தேசிய இளைஞர் விருது அதிகார சபை எண்ட அரச அமைப்பு, 14 இல இருந்து 24 வயசு வரைக்கும் ஆரும் செய்யலாம், பள்ளிக்கூடம் விட்டவையும்தான். முதல்ல பிரதேச செயலகத்தில இளைஞர் சேவை அதிகாரியைப் போய்ப் பாருங்கோ, பதிவுக்குக் காசு கேட்டா "அஸ்வெசும எண்ட அரச உதவிக்காசு எடுக்கிற குடும்பம், குறைக்கேலுமோ" எண்டு வாயத் திறந்து கேளுங்கோ, கேக்காத பிள்ளைக்கு ஒருத்தரும் தேடிவந்து தரமாட்டினம்.

ஒண்டு, இதால கம்பசுக்கு (பல்கலைக்கழகத்துக்கு) ஆள் எடுக்கப் பாக்கிற ஏ.எல் இசட் ஸ்கோர் கூடாது. கம்பசுக்கு அரசாங்கம் தாற சலுகை வேற, கல்வியில பின்தங்கின மாவட்டங்களுக்கெண்டு 5 வீதம் ஒதுக்கினது, கிளிநொச்சி முல்லைத்தீவு மன்னார் வவுனியா நாலும் அதுக்க வருது. விருது கைகுடுக்கிறது பிறகு இன்டர்வியூவில "நீர் என்ன செய்தனீர்" எண்டு கேக்கேக்க.

விருதின்ர முதல் படியான வெண்கலத்துக்கு சேவை, திறன், உடற்பயிற்சி மூண்டும் மூண்டு மூண்டு மாசம், அதில ஒண்டை மட்டும் ஆறு மாசம், பிறகு ரெண்டு நாள் ஒரு இரவுப் பயணம். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் காணும், ஆனா ஒரே நாளில பத்து மணித்தியாலம் செய்துபோட்டு மாசக்கணக்கை முடிச்சிட்டன் எண்டேலாது.

புதுசா வகுப்புத் தேடி ஓடாதேங்கோ, காசு கரையிறது அங்கதான். முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துப் பழகிற பிள்ளைக்கு அதுவே திறன், கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மதிப்பீட்டாளரா நிண்டு கையெழுத்து வைக்கலாம். பின்னேர வொலிபோல் உடற்பயிற்சி. முன்பள்ளியில உதவி, வாசிகசாலையில புத்தகம் அடுக்கிறது சேவை. அம்மாவோட வயலுக்குப் போறதைச் சேவையா எழுதேலாது (இடுப்பொடியிற வேலைதான், ஆனா விதி அப்பிடி), சொந்தக்காரற்ற கையெழுத்தும் எடுபடாது.

கனபேர் விழுறது கிழமைக்குக் கிழமை செய்ததை எழுதிற குறிப்பிலதான். எல்லாக் கிழமையும் "கூத்துப் பழகினன்" எண்டு ஒரே வரி எழுதினா ஆர் நம்புவினம்? "மாதவி வரவு, ரெண்டாவது பாட்டில சுருதி விலகுது, மெதுவாப் படிக்கச் சொன்னார், கால் தாளம் இப்ப சரி" எண்டு எழுதிப் பாருங்கோ, வாசிக்கிறவருக்கு பிள்ளை உண்மையா நிண்டது விளங்கும். கவரேஜ் இல்லாட்டிக் கொப்பியில எழுதுங்கோ, டவுனுக்கு வரேக்க இன்டர்நெட்டில ஏத்தலாம். கையெழுத்தைக் கடைசி மாசத்துக்கு விடாமல் அப்பப்ப வாங்குங்கோ, அண்ணாவியார் வெளிநாடு போனா என்ன செய்வியள்?

பயணத்துக்குத்தான் செலவு. நாலில இருந்து ஏழு பேர் சேருங்கோ, கூடாரத்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடச் சாரணர் குழுவிட்ட இரவல் கேளுங்கோ. புதுச் சப்பாத்து வேண்டாம், பழகின சப்பாத்துத்தான் கொப்புளம் போடாது. முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் நடக்கிறதெண்டா யானை வரும், அதால குளக்கரையில படுக்காமல் பள்ளிக்கூட வளவில கூடாரம் அடிக்க அதிபரிட்டயும் கிராம சேவகரிட்டயும் முன்னமே கேட்டு வையுங்கோ. மிதிவெடிப் பலகை கண்டா குறுக்குவழி எண்ட கதையே வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழைக்க போகாதேங்கோ, ஆவணியில போனா தண்ணி சுமக்கோணும். முதல் ஒரு பயிற்சிப் பயணம் கட்டாயம்.

இங்கிலாந்தில 2022 இல அரசாங்கம் எல்லா அரச இடைநிலைப் பாடசாலைக்கும் இந்த விருதைக் கொண்டு போறம் எண்டு அறிவிச்சது. எங்கட பக்கம் அதுக்கு முதல் பஸ் வரோணும். பயிற்சி கிளிநொச்சி டவுனில எண்டா தூரக் கிராமத்துப் பிள்ளைக்குக் கடைசி பஸ் தவறிப்போகும், அதால உங்கட இளைஞர் கழகத்தால ஒரு கடிதம் குடுத்து, பயிற்சியைக் கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில வைக்கச் சொல்லிக் கேளுங்கோ. பொம்பிளைப் பிள்ளையள் இரவுப் பயணத்துக்கு எண்டா வீட்டில விடமாட்டினம், கூட வாற ரீச்சரை ஒருக்கா வீட்ட கூட்டிக்கொண்டு போய் அம்மாவோட கதைக்க விடுங்கோ, அதுக்குப் பிறகு படிவத்தை நீட்டுங்கோ.