கைவிடப்பட்ட ராட்வீலரும் தடைப் பட்டியலும்

2024ஆம் ஆண்டுக் கோடையில், வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில், ஒரு காலிமனையின் சுற்றுச்சுவர் நிழலில் பெண் ராட்வீலர் நாய் ஒன்று படுத்துக் கிடந்தது. தெருநாய்கள் எட்ட நின்று குரைத்தும் அது எழுந்திருக்கவில்லை. கிட்டே போக வேண்டாம் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் தடுத்தார். சில வாரங்களுக்கு முன்புதான் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறியிருந்தன. அவருடைய அச்சம் முற்றிலும் நியாயமானது.

பழக்கமில்லாத பெரிய நாயை நேருக்கு நேர் பார்த்தபடி நெருங்குவதும், குனிந்து கை நீட்டுவதும் ஆபத்து. ஆகவே பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, தண்ணீர்ச் சட்டியைத் தள்ளி வைத்து, கால்நடை மருத்துவர் வரும்வரை விலகியே நின்றோம். அவர் கயிற்றைப் போட்டபோது அது சிறிதும் முரண்டு பிடிக்கவில்லை. கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு முடி தேய்ந்து தோல் காய்த்துப் போயிருந்தது. நெடுநாள் இறுக்கிக் கட்டிப்போட்டதன் தழும்பு அது. காது மடல்களுக்குள் உண்ணிகள் அப்பிக் கிடந்தன. முலைகள் தொங்கிப் போயிருந்ததைக் காட்டி, பலமுறை குட்டி ஈன்ற நாய் என்றார் மருத்துவர். தோள்பட்டைகளுக்கு நடுவே கருவியை வைத்துப் பார்த்ததில், நாயை அடையாளம் காணத் தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப் எதுவும் இல்லை. குட்டி விற்றுப் பிழைத்த யாரோ, இனிப் பயனில்லை என்றோ தடைக்குப் பயந்தோ, அதைத் தெருவில் இறக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

தடை என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது. 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடைத் துறை, பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட இனங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அந்தப் பட்டியலில் ‘டெரியர்கள்’ என்று பல நாய் இனங்கள் கொண்ட ஒரு பெரும் குடும்பமே ஒற்றைச் சொல்லில் அடக்கப்பட்டிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. பூங்காச் சம்பவத்துக்குப் பின் தமிழ்நாட்டிலும் தடை அறிவிக்கப்பட்டு, உடனே திரும்பப் பெறப்பட்டது. இந்தக் குழப்பத்தில் பயந்துபோகும் உரிமையாளருக்குக் கையில் இருக்கும் நாயை அவிழ்த்துவிடுவதுதான் எளிய வழியாகப் படுகிறது.

இனத்துக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லை என்று வாதிடும் நாய்ப் பிரியர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. உண்மைதான், பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022இல் வெளியான மரபணு ஆய்வு, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறக்குறைய 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்று கண்டது. ஆனால் ராட்வீலரின் உடல் எடையும் தாடை வலுவும் மாறாதவை. ஒரு நாட்டுநாய் கடித்தால் தையலோடு போகக்கூடிய இடத்தில், இது கடித்தால் ஒரு குழந்தையின் உயிரே போகலாம். அதனால்தான் இத்தகைய நாயை வளர்ப்பவருக்கு உரிமம், கருத்தடை, பொது இடத்தில் வாய்மூடி, குட்டைக் கயிறு எல்லாம் கட்டாயமாக வேண்டும் என்கிறேன்.

தெருவில் விட்டவரைச் சட்டம் எப்படி நடத்துகிறது என்று பார்த்தபோது மனம் கசந்தது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இன்படி, வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது குற்றம்தான். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஆயிரக்கணக்கில் விலை வைத்துக் குட்டி விற்பவரை இது என்ன செய்துவிடும்?

அந்த நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, உடல் தேறியதும் கருத்தடையும் செய்தோம். உயரமான மதிலுள்ள தோட்டத்தில், ராட்வீலர் வளர்த்துப் பழகிய ஒருவரிடம் இப்போது இருக்கிறது. அதைப் பெருக்கி விற்றவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்போர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்த வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. புதிய தடைப் பட்டியல்களுக்கு முன்னால், இந்த விதிகளின்படி குட்டி விற்கும் ஒவ்வொரு இடத்திலும் அரசு சோதனை நடத்த வேண்டும்.