பறக்கும் தட்டுக் கோப்புகள்: படித்தபடியே எழுதியவை

ஜூன் 3

எஃப்.பி.ஐ. இணையத்தில் போட்டிருக்கும் கோப்புகளில் மக்கள் அதிகம் திறந்து பார்த்த ஒன்றை இன்று படித்தேன். கை ஹாட்டல் என்ற அதிகாரியின் பெயரில் 1950 மார்ச் 22 அன்று எழுதப்பட்ட ஒற்றைப் பக்கம். நியூ மெக்சிகோவில் மூன்று பறக்கும் தட்டுகள் பிடிபட்டன, ஒவ்வொன்றும் சுமார் 50 அடி அகலம், உள்ளே மூன்றடி உயர உருவங்கள் என்று போகிறது. யாரோ சொன்னதை விமானப்படை ஆள் ஒருவர் எஃப்.பி.ஐ.யிடம் சொல்ல, அதை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மேற்கொண்டு எதுவும் ஆராயவில்லை என்று அடியிலேயே இருக்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் பகிர்வதில்லை.

ஜூன் 4

பறக்கும் தட்டுப் புகார்களை வாங்கி விசாரித்த அமெரிக்க விமானப்படையின் ப்ளூ புக் திட்டம் 1969 முடிவில் மூடப்பட்டது. மொத்தம் 12,618 புகார்கள், அவற்றில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. இந்த எண்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும். எனக்கு ஆர்வம் அவற்றில் இல்லை, அந்தக் கோப்புகளைத் துரத்திய ஆட்களிடம்தான்.

ஜூன் 8

ராபர்ட் டாட். பென்சில்வேனியாக்காரர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லாத தனி மனிதர். வேலையே கடிதம் எழுதுவதுதான் என்பது போல, தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு அரசு அலுவலகமாகக் கேட்டுக்கொண்டே இருந்தவர். 1979இல் அவருக்குக் கிடைத்த ஒரு குறிப்பைத்தான் இன்று முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். 1969 அக்டோபரில் விமானப்படை ஜெனரல் போலெண்டர் எழுதியது. ப்ளூ புக்கை மூடிவிடலாம் என்பதுதான் அதன் பரிந்துரை. ஆனால் நடுவில் ஓரிடத்தில், நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடிய புகார்கள் ப்ளூ புக் வழியாக வருவதே இல்லை, ஜானாப் 146 (அவசரமாகத் தெரிவிக்க வேண்டியவற்றுக்கான ராணுவ விதி) போன்ற வேறு விதிகளின்படி தனியாகப் போகின்றன என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார். "எல்லாம் ப்ளூ புக்கில் இருக்கிறது" என்று அதுவரை பதில் வாங்கி வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஜூன் 9

நம் ஊரில் ஆர்.டி.ஐ. மனு எழுதிப் பழகியவர்களுக்கு இந்த வேலை புரியும். அங்கே மனு போட அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது ஒரு வித்தியாசம். "பறக்கும் தட்டு பற்றி எல்லாவற்றையும் கொடுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் நகராது. தேதி வேண்டும், அலுவலகத்தின் பெயர் வேண்டும், முடிந்தால் கோப்பு எண் வேண்டும். கைதேர்ந்தவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். வெளிவந்த ஆவணத்தில் யார் யாருக்கு நகல் போனது என்ற பட்டியல் இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு அலுவலகத்திடமும் அதே காகிதத்தைத் தனித்தனியாகக் கேட்பார்கள். ஒரு இடத்தில் கறுப்படித்த வரி இன்னொரு இடத்தில் தப்பி வந்துவிடும். 1976இல் தெஹ்ரான் வானில் இரண்டு போர் விமானங்கள் ஒரு ஒளியைத் துரத்திய கதை பற்றிய அமெரிக்க ராணுவ உளவுத்துறை அறிக்கையில், வெள்ளை மாளிகை வரை நகல் போனது தெரிகிறது. அறிக்கையைவிட அந்தப் பட்டியலைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

ஜூன் 13

மறுபடியும் டாட். 1980 டிசம்பரில் இங்கிலாந்தின் ரெண்டில்ஷாம் காட்டில் அமெரிக்கத் தளத்து வீரர்கள் ஒளிகளைப் பார்த்தார்கள். துணைத் தளபதி சார்லஸ் ஹால்ட் ஒரு பக்கக் குறிப்பு எழுதி பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு அனுப்பினார். 1983இல் டாட் அதைக் கேட்டபோது, விமானப்படையிடம் நகலே இல்லை. பிரிட்டிஷாரிடம் வாங்கி அவருக்குக் கொடுத்தார்கள். பிரிட்டனில் அப்படிக் கேட்க 2005 வரை சட்டமே நடைமுறையில் இல்லை. சொந்த நாட்டுக்காரர்கள் பார்க்க முடியாத தாளை அட்லாண்டிக்கைத் தாண்டி ஒருவர் கேட்டு வெளியே கொண்டுவந்தார்.

ஜூன் 17

இன்று படித்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. 1980இல் ஒரு தன்னார்வக் குழு, பறக்கும் தட்டுக் கோப்புகளைக் கேட்டு, அமெரிக்காவின் ஒட்டுக்கேட்கும் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. மேல் வழக்குப் போட்டது. கோப்புகளை ஏன் தர முடியாது என்று அந்த அமைப்பு 21 பக்கப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது, ஆனால் நீதிபதி மட்டும் பார்க்கலாம். வழக்குப் போட்டவர்களின் வக்கீலுக்கே காட்டவில்லை. வழக்கு தோற்றது. அப்புறம் வெளியிட்ட பிரதியில் பக்கம் பக்கமாகக் கறுப்பு. பின்னால் மை கொஞ்சம் விலகியபோது தெரிந்தது, அவர்கள் காத்தது பெரும்பாலும் வேற்று நாட்டு ரேடார்க்காரர்களின் பேச்சை ஒட்டுக்கேட்ட விஷயத்தை. காரணம் நியாயமானதாகவே இருக்கட்டும். எதிர்த்தரப்பின் வாதத்தைப் பார்க்காமல் ஒருவர் எப்படி வாதாடுவார்?

ஜூன் 22

டாட் மேல் எனக்கு மரியாதை இன்று இன்னும் கூடியது. பறக்கும் தட்டு விழுந்ததாகப் பலர் நம்பும் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் 1947இல் கிடைத்த சிதைவுகள் மோகல் என்ற ரகசிய பலூன் திட்டத்தைச் சேர்ந்தவை என்பதை விமானப்படை தன் 1994 அறிக்கையில் சொன்னது. சோவியத்தின் அணுகுண்டுச் சோதனையைத் தொலைவிலிருந்து கேட்க ஒலிவாங்கிகளோடு விட்ட பலூன்கள். தானாகவே தேடி அந்த முடிவுக்கு ஏற்கனவே வந்திருந்தவர்களில் டாட் ஒருவர். போலெண்டர் குறிப்பைத் தட்டுக்காரர்கள் கொண்டாடினார்கள், இதை அவர்கள் வெறுத்தார்கள். இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் ஒரே ஆள். காகிதம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி என்று கேட்பவரால்தான் இது முடியும்.

அந்தத் திட்டத்தின் விஞ்ஞானி ஆல்பர்ட் க்ரேரியின் நாட்குறிப்பும் வெளிவந்திருக்கிறது. 1947 ஜூன் 4ஆம் தேதிக் குறிப்பில், மேகத்தால் பலூன் விடவில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே பலூன் கொத்தில் ஒலிவாங்கியை மேலே அனுப்பியதாகவும் எழுதியிருக்கிறார். ராஸ்வெல் பலூன் அன்று பறந்ததா என்ற சண்டை இன்னும் அந்த இரண்டு வரிகளைச் சுற்றித்தான் நடக்கிறது.