சிறு தொட்டியில் பவளம்: விளக்கை முடிவு செய்வது நீர்தான்

சிங்கப்பூர் அடுக்குமாடி வீடு ஒன்றின் வரவேற்பறையில் 50 லிட்டர் அளவில் ஒரு கடல்நீர்த் தொட்டியைப் பராமரித்து வருகிறேன். அதைப் பார்த்துவிட்டுத் தாமும் ஒன்று வைக்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த விளக்கை வாங்கலாம் என்பதுதான். வாரத்துக்கு எத்தனை முறை நீரைச் சோதிக்க உங்களுக்கு நேரம் இருக்கும் என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. கேட்டவருக்கு அது விளக்கைப் பற்றிய பதிலாகத் தோன்றாது. ஆனால் அதுதான் பதில்.

பவளத்தின் திசுவுக்குள் ஸூக்ஸாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்துக்குப் போய்ச் சேருகிறது. யூஃபில்லியா, மாண்டிபோரா, அக்ரோபோரா போன்ற கல் பவளங்கள் சுண்ணாம்புக்கூடு கட்டும் வேகமும் இருட்டில் இருப்பதைவிட வெளிச்சத்தில் மிகுதி. ஆகவே விளக்கின் வலுவைக் கூட்டும்போது வெளிச்சம் மட்டும் கூடுவதில்லை. நீரிலிருந்து கால்சியமும் கார்பனேட்டும் குறையும் வேகமும் சேர்ந்தே கூடுகிறது. பெரிய தொட்டியில் இது மெதுவாகத் தெரியும். ஐம்பது லிட்டரில் ஒரு வாரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும்.

இதைக் கண்காணிக்கப் பலர் கால்சியத்தை அளக்கிறார்கள். நான் ஆல்கலினிட்டியை, அதாவது பெரும்பாலும் நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட் அளவைக் காட்டும் எண்ணை, அளக்கிறேன். பவளம் கூடு கட்டும்போது ஆல்கலினிட்டி 2.8 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) குறைந்தால், கால்சியம் குறைவது ஏறத்தாழ 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) மட்டுமே. 420 பிபிஎம்மில் 20 என்பது வீட்டுச் சோதனைக் கருவியின் பிழை வரம்புக்குள்ளேயே மறைந்துபோகக்கூடியது. ஆனால் 8 டிகேஎச்சில் 2.8 என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஐந்து மில்லி தொட்டிநீரில் சொட்டுச் சொட்டாகக் கரைசலை விட்டு, நீலம் மஞ்சளாக மாறும் சொட்டில் நிறுத்தும் எளிய சோதனை போதும். ஆனால் அதை எப்போதும் ஒரே நேரத்தில், விளக்கு எரியத் தொடங்குமுன் செய்வது நல்லது, ஏனெனில் காலை அளவையும் மாலை அளவையும் ஒப்பிட்டால் வீண் குழப்பம்தான் மிஞ்சும். 7 முதல் 9 டிகேஎச் வரை எந்த எண்ணும் ஏற்கத்தக்கதே. 7.5 என்றால் 7.5-லேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே கடல்நீர் தயாரிக்கக் கரைக்கும் உப்புப் பொட்டலமும் கவனத்துக்குரியது: சில வகை உப்புகளைக் கரைத்தால் 11 டிகேஎச்சுக்கு மேல் வரும், அந்த நீரால் ஒரே நாளில் பெரிய அளவு மாற்றினால் தொட்டியின் அளவு தாவிவிடும். வாரம் பத்து விழுக்காடு மாற்றினால் அந்தத் தாவல் சிறிதாக இருக்கும்.

விளக்கைப் பொறுத்தவரை, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் 'பார்' என்னும் அளவே பொருட்படுத்தத்தக்கது. காளான் பவளங்களுக்கும் ஸோவாந்திட்களுக்கும் 50 முதல் 100 வரை, யூஃபில்லியா வகைகளுக்கு 80 முதல் 150 வரை போதுமானது. அக்ரோபோரா 250-க்கு மேல் கேட்கும். கைபேசிச் செயலிகள் காட்டும் லக்ஸ் அளவை நம்ப வேண்டாம். லக்ஸ் மனிதக் கண்ணின் உணர்திறனை அடிப்படையாகக் கொண்டது. பச்சையையும் மஞ்சளையும் கூட்டி மதிப்பிட்டு, பவளத்தின் பாசி நன்கு ஏற்கும் 450 நானோமீட்டர் ஒட்டிய நீல ஒளியைக் குறைத்து மதிப்பிடும். நம் கண்ணும் அதே தவற்றைச் செய்கிறது. நீல எல்இடி மட்டும் எரியும் தொட்டி மங்கலாகத் தெரிந்தாலும், உள்ளே பவளம் சுடச்சுட ஒளி வாங்கிக்கொண்டிருக்கலாம்.

மிதமான ஒளியே போதும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல் கலங்கலானது. ஒளி சில மீட்டர் ஆழத்திலேயே வேகமாக மங்கிவிடும். அப்படியிருந்தும் இங்கே 250 வகைக்கு மேற்பட்ட கல் பவளங்கள் பதிவாகியுள்ளன. (அவற்றைக் கையால் தொடவும் கூடாது, கடையில் வாங்குவது முறையான இறக்குமதி அனுமதியுடன் வந்ததா என்று கேட்பது அவசியம். இந்தியாவில் கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன என்பதையும் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் மறக்க வேண்டாம்.)

அதே கடலில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நீர் சூடாகிப் பவளங்கள் பெருமளவில் வெளிறின. வெப்பமும் மிகுந்த ஒளியும் சேரும்போது பாசிகள் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகின்றன. பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது, அதனால் வெளிறுகிறது. இந்த ஊர் வீட்டில் அது தொட்டிக்குள்ளும் நடக்கும். குளிர்விக்காத தொட்டி 30 டிகிரியை எளிதில் தொடும். 26-ஐ ஒட்டி வைக்க மின்விசிறியோ சில்லரோ வேண்டும். விசிறி மலிவு, ஆனால் அது நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது, உப்போ தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 50 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானால் உப்புத்தன்மை 35-இலிருந்து 35.7-க்கு ஏறும், இரண்டு நாள் ஊருக்குப் போய்வந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். தானாக நீர் நிரப்பும் கருவியை விளக்குக்கு முன்பே வாங்கச் சொல்வது இதனால்தான்.

நிரப்பும் நீர் ஆர்ஓ வழியாகவும் அயனி நீக்கும் ரெசின் வழியாகவும் வந்த நீராக இருக்க வேண்டும். இங்கே குழாய்நீரில் கிருமிநாசினியாகக் குளோரமின் சேர்க்கப்படுகிறது. நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சுழியம் காட்டினாலும் குளோரமின் இல்லை என்று பொருளல்ல, அந்தக் கருவி அயனிகளை மட்டுமே உணரும். எனவே கரி வடிகட்டியைத் தவணை தவறாமல் மாற்ற வேண்டும்.

நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் சுழியத்துக்குக் கொண்டுவருவதைப் பெருமையாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாசிக்கும் ஊட்டம் வேண்டும். வலுவான ஒளியும் ஊட்டமற்ற நீரும் சேர்ந்தால் பவளம் வெளிர்நிறமாகி மெலிகிறது, மணலில் பழுப்புநிறச் சளிபோல டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்னும் நுண்ணுயிர்கள் படர்கின்றன. நைட்ரேட் 5 பிபிஎம்மும் பாஸ்பேட் 0.05 பிபிஎம்மும் ஒட்டி இருப்பது எனக்குப் போதும்.

புதிய விளக்கைப் பாதி வலுவில் தொடங்கி, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரியவிட்டு, ஆல்கலினிட்டி நாளொன்றுக்கு எவ்வளவு குறைகிறது என்பதைக் குறித்துக்கொண்டே வரலாம். அந்தக் குறைவை ஈடுகட்ட நீரில் சேர்க்கும் கரைசலின் அளவு இரண்டு மூன்று வாரங்கள் மாறாமல் நின்றால், வலுவை ஐந்து விழுக்காடு கூட்டலாம். ஆல்கலினிட்டியை மறுபடி அளந்து, கரைசலின் அளவையும் திருத்த வேண்டும். அளவு நிலைக்காத வரை விளக்கின் பொத்தானைத் தொட வேண்டிய தேவையில்லை.